செலினும் வைக்கோல் பானெட்டும்

மூன்று ஊசிகளை உதட்டின் இடது கோடியில் கவ்வியபடி வலது கோடியால் பேசிக்கொண்டிருப்பாள் செலின். பக்கத்தில் உட்கார்ந்து கேட்பவர்கள்தான் ஊசி உள்ளே போய்விடப் போகிறது என்பார்கள். "இருபத்தஞ்சு வருசமா கவ்விகினு கீறேன், ஒண்ணாவது உள்ள போயிருக்கா? நீ சும்மா இரு" என்பாள், அதையும் ஊசிகளை எடுக்காமலே. பேசி முடித்ததும் ஒரு பெருமூச்சு வரும். அதற்கு மட்டும் ஊசிகளை எடுத்துவிடுவாள்.

பூந்தமல்லியில் பட்டாளத்து டிப்போவின் பின்மதிலை ஒட்டி ஒரு சந்து போகிறது. அந்தச் சந்தில் ஓடு வேய்ந்த ஒற்றை அறைதான் அவள் வீடும் தொழிற்சாலையும். வயது நாற்பத்திரண்டு. குனிந்து குனிந்து கழுத்து முன்னால் நீண்டுவிட்டது. இடது கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்து இரண்டாக வளர்கிறது. வெளுத்த புடவை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை. உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது; எழுந்தால் மறுபடி உட்கார மனம் வராது. ஊசி முறிந்தாலும், கூரை ஒழுகினாலும், சொன்ன நாளுக்கு ஆள் வராவிட்டாலும் அவளிடம் ஒரே வார்த்தைதான்: "போவட்டும் வுடு."

அவள் செய்வது பானெட். வெள்ளைக்காரப் பெண்கள் தலையில் வைத்துத் தாடைக்குக் கீழே நாடாவால் முடிந்துகொள்ளும் தொப்பி அது. பின்னந்தலையையும் காதுகளையும் மூடி, முகத்தைச் சுற்றி ஒரு சின்னக் கூரையைப் போல முன்னே நீண்டிருக்கும். மேலே பட்டு, பூ, சல்லாத் துணி என்று எதைச் சுமந்தாலும் அடியில் இருப்பது வைக்கோல். நம் நெல் வைக்கோல் இதற்கு ஆகாது, கணுவுக்குக் கணு முறியும். சீமையில் கோதுமைத் தாளை ஈரத்தில் ஊறவைத்து, ஏழு ஏழு தாளாகப் பின்னி, அரை விரல் அகலத்தில் நீளமாகச் சுருட்டிக் கப்பலில் அனுப்புகிறார்கள். மவுண்ட் ரோட்டில் ஒரு துரைசானி நடத்திய தொப்பிக் கடையில் செலின் கல்யாணத்துக்கு முன்னால் பதினோரு வருஷம் தைத்தவள். இன்றும் அந்தக் கடையிலிருந்துதான் சுருள் வருகிறது.

பின்னலின் ஒரு முனையைக் கிள்ளி மடித்து, சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சுழி சுற்றித் தைப்பாள். அதற்கு அவள் வைத்திருக்கும் பெயர் பொட்டு. உச்சந்தலையில் உட்காரப் போவது அதுதான். அது சரியாக வரும்வரை யாரோடும் பேசமாட்டாள். "பொட்டு கோணிச்சுன்னா அப்பால மொத்தத் தலையும் கோணிக்கும்." பொட்டிலிருந்து சுற்றுச் சுற்றாக வெளியே வரும். ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றின் மேல் பாதி ஏறி உட்காரும், ஓடு வேய்கிற மாதிரி. ஆகவே பின்னலில் பாதிதான் வெளியே தெரியும். மறுபாதி அடுத்த சுற்றுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். அதைக் காண வேண்டுமானால் உட்புறமாகத்தான் பார்க்க வேண்டும். உட்புறத்தையும் கடைசியில் லைனிங் துணி மூடிவிடும். தைக்கிறவளைத் தவிர அந்த மறுபாதியைப் பார்த்தவர் கிடையாது.

தைத்து முடித்ததும் வஜ்ஜிரப் பசை கரைத்த தண்ணீரைத் தடவி, மரத்தலையில் மாட்டி, துணியைப் போர்த்தி இஸ்திரி இழுப்பாள். வஜ்ஜிரம் காய்ந்தால்தான் வைக்கோலுக்கு விறைப்பு. அந்த மரத்தலைக்கு ஒரு கதை உண்டு. செய்து கொடுத்த ஆசாரி, தலை என்றால் மூக்கில்லாமல் எப்படி என்று நினைத்து நல்ல எடுப்பான மூக்கு ஒன்றையும் செதுக்கிவிட்டார். பானெட் இறங்கவில்லை. திரும்ப எடுத்துப் போய் மூக்கை ரம்பத்தால் அறுத்து வாங்கி வந்தாள். அறுத்த தழும்பு இன்னும் இருக்கிறது. அதற்குப் பெயர் மூக்கறுந்தான். வேலை தாமதமானால் பழி அவன்மேல்தான்: "மூக்கறுந்தான் ஈரம் உட மாட்டேங்கறான், நாளைக்கு வாங்க."

பழுப்பேறிய பானெட்களை வெளுக்க ஒரு பீப்பாய் வைத்திருக்கிறாள். அதன் அடியில் தணலில் கந்தகத்தைப் போட்டு, நனைத்த பானெட்டை மேலே தொங்கவிட்டு மூடிவிடுவாள். அன்றைக்கெல்லாம் சந்தே இருமும். பக்கத்து வீட்டில் எருமை வைத்து டிப்போவுக்குப் பால் ஊற்றும் வேம்புலியம்மாள் வேலிக்கு மேல் தலையை நீட்டுவாள்.

"இன்னாக்கா, உங்க சாமியார் சொல்ற நரகம் உன் ஊட்டுலதான் கீதா?"

"ஆமா. உனுக்கும் ஒரு எடம் புடிச்சு வெச்சிருக்கேன்."

"நான் வர்ல தாயே. என் எருமை மூணு வேளையா பால் கொடுக்கல. ஒரு கூடைக்கு இம்மாம் புகையா?"

வேம்புலியம்மாளுக்கு எல்லாப் பானெட்டும் கூடைதான். கூடையைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொள்ளும் ஜாதி ஒன்று உலகத்தில் இருப்பதை அவள் இன்னும் முழுக்க நம்பவில்லை.

விளிம்பில் கம்பி வைத்துத் தைப்பது, கழுத்து வெயில் படாமலிருக்கப் பின்னால் ஒரு திரை தொங்கவிடுவது, உள்ளே லைனிங், முகத்தைச் சுற்றிச் சுருக்கு வைத்த வெள்ளை, இரண்டு பக்கமும் நாடா, கடைசியில் பூ. பின்திரைக்கு அவள் பாஷையில் முந்தானை. பூவும் முந்தானையும் அழகுக்கு என்று போட்டுக்கொள்கிறவர்கள் நினைக்கிறார்கள். பின்னல் முறிந்த இடத்தில் பூவும், சுற்று குறைந்த இடத்தில் முந்தானையும் வரும் என்பது செலினுக்குத் தெரியும். எந்தப் பானெட்டைப் பார்த்தாலும் அவள் கண் முதலில் பூவுக்கு அடியில்தான் போகும்.

டிப்போவில் இருக்கும் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் மனைவிமார்தான் அவள் வாடிக்கை. புதிதாக ஒன்று செய்ய வருபவர்கள் குறைவு. இருப்பதைப் பிரித்துத் திருப்பி மாற்றிக்கொள்ள வருபவர்களே அதிகம். அவர்களிலும் அதிகம், புருஷனைப் புதைத்துவிட்டு வருபவர்கள். காய்ச்சலும் காலராவும் அந்த மதிலுக்குள் வருஷம் தவறுவதில்லை. சிப்பாய் செத்தால் அவன் மனைவிக்குப் படியும் தங்க இடமும் ஆறு மாதத்துக்கு உண்டு. அதற்குள் பட்டாளத்திலேயே இன்னொருவனைக் கட்டிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பெயரை அடித்துவிட்டுக் கப்பலேற்றிவிடுவார்கள்.

ஆகவே செலினிடம் ஒரு வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. துக்கத்துக்கென்று பானெட்டைக் கொண்டுவருகிறவளிடம் முதலில் பூவைக் கழற்றி வாங்கி, அந்தப் பானெட்டின் பழைய நாடாவிலேயே ஒரு துண்டு வெட்டி, பூவைத் துணியில் பொதிந்து கட்டி அலமாரியில் வைப்பாள். பிறகு வைக்கோல்மேல் கறுப்புக் கிரேப் துணியைப் போர்த்தித் தைப்பாள். சிலர் அழுதுகொண்டே சாயமே போட்டுவிடச் சொல்வார்கள். "சாயம் போட்டா தாள் முறிஞ்சிடும்மா, துணியே போதும்" என்பாள். அது உண்மைதான், ஆனால் காரணம் அதுவல்ல. ஐந்தாவது மாதம் அவர்கள் திரும்ப வருவார்கள். அப்போது அவள் ஒன்றும் கேட்கமாட்டாள். தையலைப் பிரித்துக் கறுப்புத் துணியை உருவினால் உள்ளே வைக்கோல் அப்படியே இருக்கும். அலமாரியிலிருந்து பொட்டலத்தை எடுத்து அந்தப் பூவையே வைத்துக் கொடுத்துவிடுவாள். வாங்கிக்கொள்கிறவர்கள் அவள் முகத்தைப் பார்க்காமல் போவார்கள். "போவட்டும் வுடு. வவுறுன்னு ஒண்ணு கீதில்ல."

ஒரே ஒரு தடவைதான் அவள் இந்த வழக்கத்தை மீறினாள்.

போன வைகாசியில் கார்ப்பரல் டோலன் காய்ச்சலில் போனான். அவன் மனைவி நோரா டோலன் பரங்கிமலைப் பட்டாளத்து வீடுகளில் பிறந்து, தமிழ் ஆயாவின் இடுப்பில் வளர்ந்தவள். சீமையைக் கண்ணால் பார்த்ததில்லை. இரண்டு பெண் குழந்தைகள். புதைத்த மூன்றாம் நாள் வந்து, செலின் மடியில் பானெட்டை வைத்தாள். பூ இருந்த இடத்தில் வைக்கோல் பிய்ந்து ஓட்டையாக இருந்தது.

"பூ எங்கம்மா?" என்றாள் செலின்.

"அடுப்புல போட்டேன்."

செலின் ஊசிகளை வாயிலிருந்து எடுத்தாள்.

"எதுக்கு வெச்சிருக்கணும்? அஞ்சு மாசம் கழிச்சு உன்கிட்ட வந்து வாங்கிக்கவா? நான் அவளுங்க மாதிரி இல்ல செலின். துணி போத்தாத. சாயம் போடு. திரும்ப மாறாத சாயமா போடு."

வழக்கமாகச் சொல்லும் பதில் நாக்கு நுனியில் இருந்தது. செலின் அதைச் சொல்லவில்லை. பூவை அடுப்பில் போட்டுவிட்டு வந்தவள் ஒருத்தியையும் அவள் அதுவரை பார்த்ததில்லை. செலினின் புருஷன் செபாஸ்டியன் டிப்போவில் தண்ணீர் வண்டி ஓட்டியவன். செத்துப்போய் எட்டு வருஷமாகிறது. அன்றைக்கு யாரோ ஒரு வெள்ளைப் புடவையைக் கொண்டுவந்து அவள்மேல் போட்டார்கள். உனக்கு என்ன வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவளுக்கும் கேட்டு வாங்கத் தோன்றவில்லை. இதோ ஒருத்தி தனக்கு வேண்டியதைக் கேட்டு நிற்கிறாள். சரி என்று தலையை ஆட்டினாள்.

துருப்பிடித்த ஆணிகளையும் வெல்லத்தையும் பானைத் தண்ணீரில் போட்டு வாரக்கணக்கில் புளிக்கவிட்டாள். சேலைக்குச் சாயம் போடுகிறவர்கள் செய்யும் கறுப்பு அது. எந்தச் சலவைக்கும் போகாது. பானெட்டை முழுக்க முக்கினால் வஜ்ஜிரம் கரைந்து உருவம் குலைந்துவிடும். அதனால் லைனிங்கை மட்டும் பிரித்தெடுத்துவிட்டு, மூக்கறுந்தான் தலையில் மாட்டி, வெளிப்புறமாக முதலில் கடுக்காய்ச் சாற்றையும் அதன்மேல் பானைத் தண்ணீரையும் தென்னை நார்த் தூரிகையால் தடவினாள். கண்ணெதிரே வைக்கோல் சாம்பலாகி, நீலமாகி, கறுத்தது. உள்ளே கறுப்பு லைனிங் தைத்து மூடினாள். அந்தப் பானெட் வரைக்கும் அவள் செய்த எதிலும் அவ்வளவு மனம் வைத்ததில்லை.

நோரா டோலன் அதைக் கழற்றவில்லை. கோயிலுக்கும் கிணற்றடிக்கும் அதோடுதான் போனாள். போனதோடு நில்லாமல் மற்றவர்களைப் பேசவும் செய்தாள். ஆடியில் ஒருத்திக்கு மறுகல்யாணம் நடந்தபோது, வாசலில் நின்று நாலு பேர் கேட்க, கட்டில் சூடு ஆறுவதற்குள் அடுத்தவனுக்குப் படுக்கை தட்டுகிறாள் என்று சொன்னாளாம். பால் ஊற்றப் போன வேம்புலியம்மாள் அதைக் கேட்டு வந்து சொன்னாள். செலினுக்கு உள்ளூர ஒரு திருப்திதான். தன் கை போட்ட கறுப்பு நிற்கிறது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கூவத்தில் வெள்ளம் வந்து நூம்பல் பக்கம் வயலெல்லாம் ஒரே தண்ணீர். அப்படி ஒரு காலையில் நோரா டோலன் வந்தாள். தலையில் சால்வை மட்டும் இருந்தது. பானெட்டைச் சால்வைக்குள் அணைத்து வைத்திருந்தாள். வாசலைத் தாண்டி உள்ளே வராமல், கூரைத் தண்ணீர் தோளில் சொட்டும் இடத்திலேயே நின்றாள்.

"இதை மாத்தணும் செலின்."

செலின் கேட்பதற்குள் நோராவே சொன்னாள். ஆறு மாதம் முடிய இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது. கப்பலேற்றினால் போய் இறங்குகிற ஊரில் அவளுக்கு ஒரு முகம் தெரியாது. இரண்டு பெண்களையும் அநாதை விடுதியில் விட்டுவிட்டுத் தனியாகப் போகலாம் என்று ஒரு வழி சொன்னார்கள். அப்போதுதான் சார்ஜன்ட் பிரைஸ் கட்டிக்கொள்கிறேன் என்று கேட்டனுப்பினான். முதல் மனைவியை இழந்தவன். அந்த முதல் கல்யாணத்தன்று ஒரு உறவுக்காரி கறுப்பு உடுத்தி வந்திருந்தாள். ஒரே மாதத்தில் அவன் மனைவி போய்விட்டாள்.

"கறுப்போட வந்தா கோயில் படி ஏற மாட்டேன்னு சொல்லிட்டான். கெட்டவன் இல்ல அவன். பயந்தவன்."

"வேற யார்கிட்டயாவது ஒரு நாளைக்கு வாங்கிக்கலாமே."

"நான் பேசின பேச்சுக்கு எவ தருவா? நான் எதைப் போட்டுகினு வரப்போறேன்னு எல்லாரும் காத்துகினு கீறாளுங்க."

பானெட் இல்லாமல் கல்யாணத்துக்குக் கோயில் ஏறும் வழக்கம் அவர்களிடம் இல்லை; புதிதாகச் செய்யவும் வழியில்லை. மழைக்காலத்தில் சென்னைக் கரையில் கப்பல் நிற்காது. தை பிறக்கும்வரை பின்னல் வராது. செலினிடம் கையளவுச் சுருள்கூட மிச்சமில்லை. மவுண்ட் ரோட்டுக் கடைகளில் தொங்கும் பானெட்கள் அதிகாரிகளின் வீட்டுக்கு. கார்ப்பரலின் விதவைக்கு அவை எட்டாது. துணி போர்த்தியவர்கள் அநேகமாக எல்லாரும் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். எவளை நம்பிச் சாயம் போட்டுக் கொடுத்தாளோ அவள்தான் இப்படி வந்து நிற்கிறாள்.

"மாறாத சாயம்னு நாந்தான் கேட்டேன்" என்றாள் நோரா. "உன்மேல தப்பு இல்ல."

போவட்டும் வுடு என்று செலின் சொல்லவில்லை. கையை நீட்டினாள். "வெச்சுட்டுப் போங்க" என்றாள்.

கறுப்பின்மேல் வெள்ளை மஸ்லினைப் போர்த்திப் பார்ப்பதுதான் முதலில் தோன்றியது. ஒரு துண்டைச் சுற்றி வைத்துவிட்டுச் சோறு பொங்கி இறக்கிவிட்டு வந்து பார்த்தாள். மழை ஈரத்தில் துணி முழுக்கச் சாம்பல் திட்டுக்கள், பிள்ளைகள் கரிக்கையால் தொட்டது போல. அதை உருவி எறிந்தாள். கந்தகம் காட்டலாமா என்று பார்த்தாள். இரும்புக் கறுப்புக்குக் கந்தகத்தால் ஒன்றும் ஆகாது. மூக்கறுந்தானை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். யார் சொல்லையும் நம்பாமல் துணி போர்த்தியபோதெல்லாம் கை நல்லதையே செய்திருக்கிறது. ஒருத்தியை நம்பப் போய் மாறாத கறுப்பை அவள் தலையில் கொண்டுவந்து வைத்துவிட்டது.

வேறு வேலை தோன்றாமல் கறுப்பு லைனிங்கைப் பிரித்தாள். விளிம்புக் கம்பியை உருவினாள். கடைசிச் சுற்றைக் கழற்றிவிட்டு, அதற்கு முந்தின சுற்றின் தையலை ஊசி முனையால் நெம்பி ஒரு சாண் நீளம் பின்னலைப் பிரித்து எடுத்தாள். எடுத்தவள் அதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள்.

பின்னலின் ஒரு பாதி கறுப்பு. மறுபாதி, அடுத்த சுற்றுக்கு அடியில் ஒளிந்திருந்த பாதி, கப்பலில் வந்து இறங்கிய அன்றைக்கு இருந்த நிறத்திலேயே இருந்தது. தூரிகை அங்கே போகவில்லை. ஆறு மாத வெயிலும் போகவில்லை.

பால் கொண்டுவந்த வேம்புலியம்மாள் எட்டிப் பார்த்தாள். "இன்னாக்கா இது, கரை போட்ட பொடவையாட்டம் கீது?"

"கரையைத் திருப்பிக் கட்டப் போறேன்."

"பிரிச்சு மறுபடி மொதல்லேருந்தா? பைத்தியமா உனுக்கு? அவ பேசின பேச்சுக்கு மொட்டைத் தலையோட போவட்டுமே."

செலின் ஊசிகளை வாயில் வைத்துக்கொண்டாள். இடது கோடி, வலது கோடி இரண்டையும் சேர்த்து மூடிக்கொண்டாள்.

பானெட்டை முழுக்கப் பிரிக்க நான்கு நாள் ஆயிற்று. ஈரத்துணி வைத்தால் கறுப்பு வெள்ளைப் பாதிக்குள் ஓடிவிடும். அதனால் மழைக்காற்று தாளை இளக்குகிற விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும் மட்டுமே கை வைத்தாள். மற்றவர்களிடம் சாக்காகச் சொல்லிக்கொண்டிருந்தது இப்போது கண்ணெதிரே நடந்தது: சாயம் தின்ற தாள் முறிந்தது. ஒன்பது இடத்தில் முறிந்தது. தேறாத துண்டுகளை ஒரு முறத்தில் போட்டாள். கடைசியில் பொட்டு. அதைப் பிரிக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டாள். அது முறிந்தால் அடுத்தது எதுவும் கிடையாது. முறியவில்லை.

பிறகு தலைகீழாகத் தைக்க ஆரம்பித்தாள். வெளியே இருந்த பாதி அடியில் போக, அடியில் இருந்த பாதி வெளியே வந்தது. பொட்டில் பழைய ஊசித் துளைகள் வழிகாட்டின. ஆறு நாள் அவள் கந்தகப் பீப்பாயைத் திறக்கவில்லை, வந்தவர்களிடம் மூக்கறுந்தான்மேல் பழி சொல்லியனுப்பினாள். கண் எரிந்தால் மூடிக்கொண்டு விரலால் தடவித் தைத்தாள். பிளந்த நகத்தில் பின்னலின் சிம்பு ஏறி வீங்கிக்கொண்டது. மாதாவை இரண்டு தரம் கூப்பிட்டாள். மூன்றாவது தரம் கூப்பிட அலுப்பாக இருந்தது. முறிந்த துண்டுகள் போக, மூன்று சுற்று குறைந்துவிட்டது. முந்தானையை நாலு விரல் நீட்டி அதைச் சரிக்கட்டினாள். இரண்டு இடத்தில் கறுப்பு ஒரு மயிரிழை வெளியே எட்டிப் பார்த்தது. அங்கே வெளிர்நீல நாடாவைப் படிய வைத்தாள். பிய்ந்த ஓட்டைக்கு ஒரு பூக்கொத்து வேண்டியிருந்தது. நோராவுக்கென்று அலமாரியில் பொட்டலம் கிடையாது. திரும்பி வராமலே கப்பலேறிப் போனவள் ஒருத்தியின் பொட்டலத்தைப் பிரித்து, துணியில் செய்த வெள்ளைப் பூக்கள் ஐந்தை எடுத்தாள்.

பதினோராம் நாள் மழை விட்டிருந்தது. நோரா டோலன் இந்தத் தடவை உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தாள். பானெட்டைக் கையில் வாங்கினாள். வெளியே பொன் நிறத்தில் வைக்கோல் மின்னியது. புதியதைவிடப் புதியதாக இருந்தது. சிரிக்க வாயெடுத்தவள், லைனிங் இன்னும் தைக்கவில்லை என்று செலின் சொன்னதும் உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

உள்ளே முழுக்கக் கறுப்பு. உச்சிப் பொட்டிலிருந்து விளிம்புவரை, சுற்றுக்குச் சுற்று, ஓர் இடம் விடாமல் கறுப்பு.

நோரா அதற்குள் கையை விட்டாள். விரிந்த விரல்களோடு கை அங்கேயே இருந்தது. வெளியே வேம்புலியம்மாளின் எருமை முளையைச் சுற்றிச் சுற்றி வந்து கழுத்துச் சங்கிலியை இழுத்துக்கொண்டிருந்தது.

"அவன் கண்ணுல படுமா?"

"லைனிங்கைப் பிரிச்சாதான்."

"கறுப்பு தலையில எறங்குமா?"

"எறங்காது. உங்களுக்கு மட்டும்தான் தெரியும். எனுக்கும்."

நோரா கையை வெளியே எடுத்தாள்.

"மூடிடு" என்றாள் நோரா. "கெட்டியா தை. எப்பவும் பிரியாத மாதிரி."

செலின் நூலை இரட்டையாகக் கோத்தாள். வெள்ளைப் பட்டு லைனிங்கை உச்சியில் சுருக்கி, வலது காதுப் பக்கம் ஆரம்பித்து, தையலுக்குத் தையல் நெருக்கமாகச் சுற்றி வந்தாள். நோரா கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கறுப்பு வட்டம் சிறுத்துக்கொண்டே வந்தது. இடது காதுப் பக்கம் கடைசி ஒரு விரல் இடைவெளி இருந்தபோது செலின் கையை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள். நோரா தலையை அசைத்தாள். செலின் தைத்து முடிச்சுப் போட்டு நூலைப் பல்லால் கடித்தாள்.

நோரா பானெட்டை வைத்துக்கொண்டு நாடாவைத் தாடைக்குக் கீழே முடிந்துகொண்டாள். கண்ணாடி வேண்டாம் என்றாள். "சரியா கீதா?" என்று மட்டும் கேட்டாள். முந்தானையை ஒரு பக்கம் இழுத்துவிட்டு, சரியாக இருக்கிறது என்றாள் செலின். நோரா சந்தின் சேற்றில் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தலையை ஆட்டாமல், குடத்தைச் சுமக்கிறவள் போல நடந்து போனாள்.

"போய்ட்டாளா?" என்று வேலிக்கு மேலிருந்து கேட்டாள் வேம்புலியம்மாள். "அம்மாம் சத்தியம் பண்ணா. ஆறு மாசம் தாங்கல பாரு."

"போவட்டும் வுடு, வேம்புலி."

உள்ளே வந்து ஊசிகளைத் துடைத்து வைத்தாள். முறத்தில் முறிந்த பின்னல் துண்டுகள் கிடந்தன. குப்பையில் கொட்டப் போனவள் நின்று, அவற்றில் நீளமாக இருந்த ஒன்றைப் பொறுக்கி எடுத்தாள். ஒரு முழம் இருக்கும். முனையைக் கிள்ளி மடித்து, கறுப்புப் பாதி வெளியே வரும்படி ஒரு பொட்டாகச் சுற்றினாள். அதைத் துணியில் பொதிந்தாள். கட்டுவதற்கு நோராவின் பழைய நாடா இல்லை. பெட்டியில் கிடந்த கிரேப் துணியில் ஒரு இழை கிழித்துக் கட்டினாள். அலமாரியில், திரும்பி வராதவர்களின் பூப் பொட்டலங்களை ஓரமாக நகர்த்தி, அவற்றின் நடுவே அதையும் வைத்தாள்.